கிரேட் பேர் ஏரியில் தூண்டில் போட: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் இருக்கும் கிரேட் பேர் ஏரிக்கு மீன் பிடிக்கப் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உரிமக் கட்டணம், அன்றாட வரம்பு போன்றவை மாறிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை இங்கே தேட வேண்டாம்; பிரதேச அரசு வெளியிடும் அந்த ஆண்டின் மீன்பிடி விதிக் கையேட்டைப் பாருங்கள்.

ஏரி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

யெல்லோநைஃப் நகருக்கு வடமேற்கே. ஆர்க்டிக் வட்டக் கோடு ஏரியின் வடபகுதியின் மேலேயே செல்கிறது. பரப்பு ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர். சுப்பீரியரும் ஹியூரானும் இதைவிடப் பெரியவைதான். ஆனால் அவற்றில் அமெரிக்காவுக்கும் பங்கு உண்டு. முழுக்க முழுக்கக் கனடாவுக்குள் அடங்கிய ஏரிகளில் இதுவே பெரியது. ஆழமான இடத்தில் 400 மீட்டருக்கு மேல் போகும்.

டீஸ், மெக்டாவிஷ், மெக்விக்கர், கீத், ஸ்மித் என்று ஐந்து பெரும் கிளைகளாக விரிந்து கிடக்கிறது. இத்தனை பெரிய கரையில் ஊர் என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான்: கீத் கிளையின் ஓரத்தில், கிரேட் பேர் ஆறு ஏரியை விட்டுப் புறப்படும் இடத்துக்கு அருகில் உள்ள டெலினே. மக்கள்தொகை சுமார் ஐந்நூறு. அந்த ஆறு 110 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, டுலிட்டா என்னும் ஊரருகே மெக்கன்சி ஆற்றில் கலக்கிறது.

அவ்வளவு தூரம் போய்ப் பிடிக்க அங்கே அப்படி என்ன மீன்?

லேக் டிரவுட். தூண்டிலில் பிடிபட்ட லேக் டிரவுட்டுகளில் உலக சாதனையாகப் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கம் பதிவு செய்திருப்பது இந்த ஏரியின் மீன்தான். லாயிட் புல் என்பவர் 1995 ஆகஸ்டில் பிடித்தது. எடை 72 பவுண்டு, அதாவது 32 கிலோவுக்கு மேல். பெயரில் டிரவுட் என்று இருந்தாலும் உயிரியல் கணக்கில் இது ‘சார்’ (char) என்னும் மீன் இனத்தைச் சேர்ந்தது. கருத்த உடம்பில் வெளிறிய புள்ளிகள் இருந்தால் சார். வெளிறிய உடம்பில் கருத்த புள்ளிகள் இருந்தால் டிரவுட். படகில் இந்த வாதம் எழாமல் ஒரு நாளும் கழியாது என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது ஆர்க்டிக் கிரேலிங். முதுகுத் துடுப்பைப் பாய்மரம் போல விரிக்கும் சிறிய, அழகான மீன். இதன் உலக சாதனையும் இதே வட்டாரத்தில்தான்: ஏரியில் வந்து விழும் கட்சியெடி ஆற்றில் 1967 ஆகஸ்டில் ஜீன் பிரான்சன் பிடித்த 5 பவுண்டு 15 அவுன்ஸ் மீன். லேக் டிரவுட்டோடு ஒப்பிட்டு இந்த எடையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிரேலிங்கில் மூன்று பவுண்டு பிடித்தாலே ஆயுள் முழுவதும் பேசலாம்.

வெதுவெதுப்பான ஆழமற்ற குடாக்களில் வடக்கத்திப் பைக் மீன் உண்டு. வைட்ஃபிஷ், சிஸ்கோ, பர்பாட் ஆகியவையும் உண்டு. டெலினே மக்களின் உணவில் வைட்ஃபிஷ்ஷுக்குப் பெரிய இடம். தூண்டில்காரர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

மீன் ஏன் அங்கே மட்டும் இவ்வளவு பெரிதாகிறது? தீனி அதிகமோ?

இல்லை, தீனி குறைவு. பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கிரேட் பேர் மிகவும் தெளிந்த, மிகவும் குளிர்ந்த, ஊட்டச்சத்து மிகமிகக் குறைந்த ஏரி. நவம்பர் கடைசி முதல் ஜூலை வரை உறைந்தே கிடக்கும். கோடையிலும் நடு ஏரியில் மேற்பரப்பு நீரின் வெப்பநிலை ஒற்றை இலக்கத்தைத் தாண்டுவது அரிது. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் குறைவு. அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் குறைவு. அவற்றைத் தின்னும் மீன்கள் குறைவு. ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ மீன் விளைகிறது என்று பார்த்தால் தெற்கே உள்ள சாதாரணக் குளத்திடம்கூட இது தோற்றுப்போகும்.

அப்படியானால் பெரிய மீன் எங்கிருந்து வருகிறது? வயதிலிருந்து. குளிர்நீரில் உடலின் இயக்கமே மந்தம்; செலவும் குறைவு, வளர்ச்சியும் குறைவு, ஆயுள் மட்டும் நீளம். இந்த ஏரியின் லேக் டிரவுட் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்வதுண்டு. முட்டையிடும் பருவத்தை எட்டவே பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எட்டிய பிறகும் எல்லாப் பெண் மீன்களும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. பெரிய அளவில் வணிக மீன்பிடிப்பு இங்கே இல்லாததால் கிழமீன்கள் கிழமீன்களாகவே மிஞ்சியிருக்கின்றன. பெரியதாகிவிட்ட டிரவுட் தன் இனத்துச் சிறிய மீனையே விழுங்கத் தொடங்கும். அதன் பிறகு வளர்ச்சியில் ஒரு துள்ளல்.

ஆகவே 40 பவுண்டு மீன் உங்கள் தூண்டிலில் சிக்கினால், அது உங்களுக்கு மூத்ததாகவே இருக்கக்கூடும். அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப இன்னொரு மீனுக்கு அத்தனை ஆண்டுகள் ஆகும். இந்தப் பக்கத்தின் மற்றப் பதில்களில் பாதி, இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவையே.

ஆய்வாளர்களுக்கு இன்னொரு வியப்பும் இந்த ஏரியில் உண்டு. ஆழமற்ற பகுதியிலேயே உடலமைப்பும் உணவுப் பழக்கமும் வேறுபட்ட பல வகை லேக் டிரவுட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. தலை, தாடை, துடுப்பின் நீளம் எல்லாம் மாறும். ஒரே நாளில் பிடித்த இரண்டு மீன்கள் வேறு வேறு இனம்போலத் தெரிந்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

எப்போது போகலாம்?

ஜூலை நடு முதல் ஆகஸ்ட் கடைசி வரை. ஏரிக்கரை மீன்பிடி விடுதிகள் திறந்திருப்பது அந்தச் சில வாரங்கள்தான். ஜூலையில் வடகிழக்குப் பக்கத்தில் பனிக்கட்டித் தட்டுகள் இன்னும் மிதக்கலாம். காற்று திசை மாறினால் அவை ஒரு குடாவின் வாயையே அடைத்துவிடும். ஆனால் அப்போது இரவு என்பதே இல்லாத அளவுக்கு வெளிச்சம். கையும் கண்ணும் தாங்கும் வரை தூண்டில் போடலாம்.

ஆகஸ்டில் இரவு திரும்பும், கொசு குறையும், மாதக் கடைசியில் வானம் தெளிந்தால் துருவ ஒளி தெரியும். முட்டையிடும் காலம் நெருங்குவதால் டிரவுட்டின் கீழ்த்துடுப்புகள் ஆரஞ்சு ஏறி, விளிம்பில் வெள்ளைக் கோட்டோடு பளிச்சென்று இருக்கும். காற்றும் குளிரும் ஆகஸ்டின் பிற்பகுதியில் கூடும். என்னைக் கேட்டால் ஆகஸ்டின் முதல் பாதி.

எப்படிப் போய்ச் சேர்வது?

காரில் முடியாது. ஆண்டு முழுவதும் ஓடும் சாலை ஏரிக்கு இல்லை. குளிர்காலத்தில் மட்டும் உறைந்த நிலத்தின் மீதும் பனிக்கட்டியின் மீதும் டெலினேவுக்குத் தற்காலிகச் சாலை போடுகிறார்கள். அது மீன்பிடிப் பயணிக்குப் பயன்படாது.

டெலினேவுக்குப் போவதானால் யெல்லோநைஃபிலிருந்து நார்மன் வெல்ஸ் என்ற ஊர் வழியாகச் சிறு விமானம். விடுதிக்குப் போவதானால் பெரும்பாலும் யெல்லோநைஃபிலிருந்து அவர்களே வாடகை விமானம் அமர்த்துவார்கள். அது சரளைக்கல் ஓடுதளத்திலோ, மிதவை பொருத்திய விமானமானால் நேரே நீரிலோ இறங்கும். சிறு விமானத்தில் மூட்டை எடைக்குக் கடும் வரம்பு. மூடுபனி, காற்று என்றால் பறக்க மாட்டார்கள். கெஞ்சியும் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. திரும்பும் பயணத்தில் யெல்லோநைஃபில் ஓர் இரவாவது இடைவெளி விட்டுத்தான் அடுத்த டிக்கெட்டை எடுக்க வேண்டும்.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒரு வார விடுதித் தொகுப்பு ஆளுக்குப் பல ஆயிரம் கனடிய டாலர். பெரும்பகுதி விமானத்துக்கும் எரிபொருளுக்கும் போகிறது; அங்கே ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் தொலைதூரம் பயணம் செய்து வந்தது. தொகுப்பில் வாடகை விமானம், வழிகாட்டி, படகு, உணவு எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வழிகாட்டிக்கு அன்பளிப்புத் தருவது தனி.

பெரிய மீனே வேண்டும் என்றில்லாமல், வடக்கு ஏரி ஒன்றில் லேக் டிரவுட் பிடித்தால் போதும் என்பவர்களுக்கு யெல்லோநைஃபை ஒட்டிய கிரேட் ஸ்லேவ் ஏரி இருக்கிறது. அங்கே காரிலேயே போய்ப் படகு ஏறலாம். கிரேட் பேர் ஏரிக்குக் கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

உரிமம் தேவையா?

தேவை. வடமேற்குப் பிரதேச அரசின் விளையாட்டு மீன்பிடி உரிமத்தை இணையத்திலேயே வாங்கலாம். பிரதேசத்தில் வசிப்பவர், பிற மாநிலக் கனடியர், வெளிநாட்டவர் என்று கட்டணம் வேறுபடும். விதிகளின் பின்னால் இருப்பது கனடாவின் மீன்வளம் மற்றும் பெருங்கடல் துறை. பிரதேசம் முழுவதற்குமான பொது வரம்பு வேறு, கிரேட் பேர் ஏரிக்கான தனி வரம்பு வேறு. கையேட்டில் ஏரியின் பெயரைத் தேடிப் பிடித்து அந்த வரியைப் படியுங்கள். பொது வரம்பைப் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த ஏரி யாருடையது? உள்ளூர் மக்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

ஏரியைச் சுற்றி வாழ்வது சாஹ்து டெனே என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் ஏரியைச் சாஹ்து என்றே அழைக்கிறார்கள். 1993இல் கனடிய அரசோடு சாஹ்து டெனே மக்களும் மெட்டி (பழங்குடி, ஐரோப்பியக் கலப்பு வழியினர்) மக்களும் செய்துகொண்ட நில உரிமை ஒப்பந்தம், நிலத்தின் மீதும் வனவிலங்கு, மீன்வள நிர்வாகத்தின் மீதும் அவர்களுக்கு உறுதியான உரிமையும் பங்கும் தந்தது. 2016 செப்டம்பரில் டெலினே தனக்கென ஒரு சுயாட்சி அரசை அமைத்துக்கொண்டது. ஊராட்சியும் பழங்குடி அரசும் ஒன்றாகவே இயங்கும் அமைப்பு, அந்தப் பிரதேசத்தில் அதுவே முதல். அதே 2016இல் ஏரியையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெரும்பங்கையும் ட்சா டுவே உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ அறிவித்தது.

ஆகவே சொந்தமாகப் படகு எடுத்துக் கரையில் கூடாரம் போட நினைப்பவர்கள், முதலில் டெலினே அரசின் அலுவலகத்தில் எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று கேட்டாக வேண்டும். மேற்குக் கரையில் சாவ்யூ, எடாச்சோ என்ற இரண்டு தீபகற்பங்கள் தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகின்றன. வெளியாள் கண்ணுக்கு அங்கே கல்லும் காடும்தான் தெரியும். டெலினே மூத்தோருக்கு ஒவ்வொரு முனையும் ஒரு கதை.

தூண்டில்காரர்கள் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு. முன்காலத்தில் ஒரு பெரிய மீனவர் நான்கு தூண்டில் முட்களைப் போட்டு வைத்தார். ஒன்றைக் காணவில்லை. அக்காலத்தில் முள் என்பது கிடைத்தற்கரிய பொருள். அன்றிரவு கனவில், பர்பாட் மீனோடு சேர்ந்து தன் முள்ளைத் தேடி நீருக்குள் போனார். ஏரியின் நடுவே, அடியில், துடித்துக்கொண்டிருக்கும் ஓர் இதயத்தைக் கண்டார். நிலம், வானம், செடிகொடி, விலங்கு, மனிதர் எல்லாவற்றோடும் பிணைந்து, முழு நீர்நிலையையும் உயிரோடு வைத்திருப்பது அதுவே என்று உணர்ந்தார். 2005இல் ஏரிக்கு ஒரு மேலாண்மைத் திட்டம் வகுத்தபோது அதற்கு இந்த ‘நீர் இதயத்தின்’ பெயரையே வைத்தார்கள். அரசுத் திட்ட ஆவணம் ஒன்று, காணாமல் போன தூண்டில் முள்ளின் கதையிலிருந்து பெயர் பெற்றிருப்பது எனக்குப் பிடித்த செய்தி.

இன்னொன்று: வடமேற்குப் பிரதேசங்களின் பல சிற்றூர்களில் மது தடை செய்யப்பட்டோ கட்டுப்படுத்தப்பட்டோ இருக்கிறது. பையில் புட்டி வைப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

என்ன தூண்டில், என்ன இரை?

லேக் டிரவுட்டுக்கு நடுத்தரம் முதல் கனம் வரையான கோல், நல்ல பிரேக் உள்ள ரீல், 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, முனையில் நிறமற்ற ஒற்றை நரம்பு சில அடி. நீர் கண்ணாடி போலத் தெளிந்தது என்பதால் அந்த முனை நரம்பு முக்கியம். பைக் பிடிக்கப் போனால் அதற்குப் பதில் எஃகுக் கம்பி. அதன் பல் எந்த நரம்பையும் அறுத்துவிடும்.

இரை என்றால் உலோகப் போலி இரைகள், அதாவது ஸ்பூன்கள். உள்ளங்கை நீளம், அதைவிடப் பெரியதும் வேண்டும். வடக்கே எல்லாப் பெட்டியிலும் ஒன்று இருக்கும்: மஞ்சள் உடம்பில் சிவப்பாக ஐந்து டைமன் குறி போட்ட ஸ்பூன். வெள்ளி, செம்பு நிறங்களும் சரி. நூறு வகை வாங்கிச் சுமக்காதீர்கள். ஐந்தாறு வகை, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று. பாறை அடியில் சிக்கி அறுந்து போவது நிச்சயம், கரையில் கடை கிடையாது.

உயிருள்ள மீனை இரையாகப் போடுவது தடை. மூன்று கிளை முட்களை வீட்டிலேயே கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். அதன் எதிர்முள்ளை, அதாவது முனையருகே பின்னோக்கி நீளும் சிறு கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். எதிர்முள் இல்லாவிட்டால் மீன் நழுவிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு: நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் நழுவாது. தளரவிட்டால் எதிர்முள் இருந்தாலும் நழுவும். உங்கள் விரலில் ஏறினால் எளிதாகக் கழற்றலாம் என்பது கூடுதல் நன்மை. அருகிலுள்ள மருத்துவர் விமானத் தொலைவில்.

கிரேலிங்குக்கு மெல்லிய கோலும் சின்னஞ்சிறு சுழல் இரையும் போதும். பூச்சி வடிவப் போலி இரை வீசத் தெரிந்தால் அதைவிடச் சுகமில்லை. ஆற்று முகத்தில் மேலே மிதக்கும் பூச்சியை அது தயங்காமல் எடுக்கும்.

மீன் எந்த ஆழத்தில் இருக்கும்? ஆழத்துக்கு இரையை இறக்கும் கருவி வேண்டுமா?

தெற்கு ஏரிகளில் கோடை வந்தால் மேல்நீர் சுடும்; குளிர் தேடும் லேக் டிரவுட் முப்பது, நாற்பது மீட்டருக்குக் கீழே போய்விடும். கிரேட் பேரில் மேலும் குளிர், கீழும் குளிர். ஓடி ஒளிய வேண்டிய காரணமே இல்லாததால் பெரிய மீனும் பத்து மீட்டருக்குள், சில இடங்களில் இரண்டு மூன்று மீட்டரில்கூட மேயும். எனவே இரையை ஆழத்துக்கு இறக்கும் எடைக் கருவிகள் தேவைப்படுவது குறைவு. பாறைத் திட்டு, முனை, தீவுகளுக்கு இடைப்பட்ட ஓடை, ஆறு கலக்குமிடம் ஆகியவற்றின் ஓரமாகப் படகை மெல்ல ஓட்டி ஸ்பூனை இழுத்துச் செல்வதுதான் முதன்மையான முறை. வேகத்தை அடிக்கடி மாற்றுங்கள். படகு திரும்பும்போது வெளிப்பக்க இரை விரைந்து, உட்பக்க இரை தாழும். கடி அதிகம் விழுவது அந்தத் திருப்பத்தில்தான்.

காற்று இல்லாத நாளில் நீர்ப்பரப்பின் பளபளப்பைத் தடுக்கும் கண்ணாடி அணிந்து படகின் முன்புறத்தில் நின்றால், அடியில் கிடக்கும் மீனையே பார்த்து எறியலாம். கிரேட் பேர் தரும் தனி இன்பம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிடித்த பெரிய மீனை விட்டுத்தான் ஆக வேண்டுமா? பணம் கொடுத்துப் போவது எதற்கு?

பெரிய மீனை விடத்தான் வேண்டும். சட்டம் வரம்பு வைக்கிறது, விடுதிகள் அதைவிடக் கடுமையாக வைக்கின்றன. மேலே சொன்ன வயதுக் கணக்கு புரிந்தவருக்குச் சட்டமே தேவையில்லை.

விடுவதிலும் முறை உண்டு. களைத்துச் சாகும் வரை மீனோடு விளையாடாதீர்கள்; கனமான கோலைப் பரிந்துரைத்தது சீக்கிரம் இழுத்து முடிக்கத்தான். முடிச்சில்லாத ரப்பர் வலையில் ஏந்தி, வலையை நீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தொடுவதற்கு முன் கையை நனையுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்புப் பூச்சை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். செவுளுக்குள் விரல் விடக் கூடாது. தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தூக்குவது படத்தில் வீரமாகத் தெரியும், ஆனால் பெரிய மீனின் உள்ளுறுப்புகள் தன் எடையாலேயே சேதமாகும். வாலடியில் ஒரு கை, வயிற்றின் கீழ் ஒரு கை, கிடைமட்டமாக, சில நொடிகள். படம் எடுப்பவர் முதலில் தயாராகட்டும். பிறகு மீனை வெளியே எடுங்கள். திரும்ப விடும்போது நீரில் நேராகப் பிடித்திருங்கள். தானாக உதைத்துக்கொண்டு போகும்.

ஆழத்திலிருந்து வந்த லேக் டிரவுட் வாய் வழியாகக் காற்றுக் குமிழ்களை விட்டால் பயப்பட வேண்டாம். அதன் காற்றுப் பைக்கும் உணவுக்குழாய்க்கும் தொடர்பு உண்டு. அழுத்தத்தைத் தானே வெளியேற்றிக்கொள்ளும். பர்பாட்டுக்கு அந்த வசதி இல்லை.

விட்டுவிட்டால் எடை எப்படித் தெரியும்?

நீளம், சுற்றளவு இரண்டையும் அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் தோராயமாகப் பவுண்டில் எடை. 40 அங்குல நீளம், 24 அங்குலச் சுற்றளவு என்றால் கிட்டத்தட்ட 29 பவுண்டு. இந்த இரண்டு அளவையும் படத்தையும் கொடுத்தால் அதே அளவில் செயற்கை மாதிரி செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். சுவரில் மாட்ட உண்மையான மீனைக் கொல்ல வேண்டியதில்லை.

அங்கே மீன் சாப்பிடவே முடியாதா?

தாராளமாகச் சாப்பிடலாம், சிறியதை. வரம்புக்கு உட்பட்ட சிறிய டிரவுட் ஒன்றைக் கரையில் சுத்தம் செய்து, விறகுத் தீயில் பொரித்து உண்பது வடக்கத்தி மீன்பிடிப் பயணத்தில் மதிய வழக்கம். ருசியிலும் சிறியதே மேல். கிழமீன் சதை கொழுத்துக் கனமாக இருக்கும். பாதரசம் என்ற காரணமும் உண்டு: மீன் தின்னும் மீனின் உடலில் ஆண்டுக்கு ஆண்டு பாதரசம் சேரும், வயது கூடக் கூட அளவும் கூடும். கருவுற்றவர்களும் குழந்தைகளும் பிரதேச சுகாதாரத் துறையின் மீன் உணவு அறிவுரையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

குடலையும் எலும்பையும் கூடாரத்தின் அருகே போடாதீர்கள். காரணம் இரண்டு கேள்விகள் தள்ளி வருகிறது.

படகு பாதுகாப்பானதா? நான் நன்றாக நீந்துவேன்.

நீச்சல் அங்கே அதிகம் உதவாது. குளிர்நீரில் விழுந்தவருக்கு நேர்வதைக் கனடியர்கள் 1-10-1 என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் 1 நிமிடம்: அதிர்ச்சியில் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும், வாயில் நீர் போகாமல் மூச்சை வசப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம்: கைகால் சொல்வதைக் கேட்கும் நேரம் அவ்வளவுதான், அதற்குள் படகைப் பற்றி ஏற வேண்டும். அதன் பிறகு ஏறத்தாழ 1 மணி நேரத்தில் உடல் வெப்பம் இழந்து நினைவு தப்பும். மூழ்கிச் சாகிறவர்களில் பலர் குளிரால் விறைக்கும் முன்பே, முதல் சில நிமிடங்களில் போய்விடுகிறார்கள். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருந்தால் அந்த முதல் நிமிடத்தைத் தாண்டலாம்; படகின் பின்புறத்தில் மடித்துக் கிடந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஏரி கடல்போல அகன்றது, காற்றைத் தடுக்க மலையோ காடோ நடுவில் இல்லை. காலையில் கண்ணாடியாகக் கிடந்த நீர் மதியத்துக்குள் ஆளுயர அலை எழுப்பக்கூடும். வழிகாட்டி ‘இன்று குறுக்கே போக வேண்டாம்’ என்றால் அதுவே கடைசிச் சொல். கரைக்கு ஒதுங்கி இரவு முழுக்கக் காத்திருக்க நேரலாம் என்பதால் குறுகிய பயணத்திலும் தீப்பெட்டி, உலர்ந்த உடை, உணவு, தார்ப்பாய், செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி ஆகியவை படகில் இருக்க வேண்டும். ஊரைத் தாண்டினால் கைபேசி சிக்னல் கிடையாது.

உடை: கம்பளி அல்லது செயற்கை இழை, மேலே காற்றும் மழையும் புகாத மேலாடை. பருத்தி வேண்டாம், நனைந்தால் உலராது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஆகஸ்டிலும் கையுறை, குல்லாய் தேவை.

கொசு?

நிறைய. கருப்பு ஈக்களும் உண்டு. தலையை மூடும் வலைத்துணி எடுத்துச் செல்லுங்கள். நடு ஏரியில் தேவைப்படாது, கரையேறிய அடுத்த நொடியில் தேவைப்படும்.

கரடி உண்டா?

ஏரியின் பெயரிலேயே இருக்கிறதே: ‘பேர்’ (Bear) என்றால் கரடி. கிரிஸ்லியும் கருங்கரடியும் அந்த நிலத்தின் குடிகள். சமைக்கும் இடம், தூங்கும் இடம், உணவு வைக்கும் இடம் மூன்றும் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். மீன் வாடை பட்ட உடையோடு கூடாரத்துக்குள் போகாதீர்கள். நடக்கும்போது பேசிக்கொண்டே நடங்கள். திடீரென்று எதிர்ப்படும் மனிதனைத்தான் கரடிக்குப் பிடிக்காது. கரடி விரட்டும் தெளிப்பானைப் பயணிகள் விமானத்தில் பையிலும் சரி, கையிலும் சரி, கொண்டுபோக முடியாது. போகும் இடத்தில் கிடைக்குமா என்று விடுதியிடமோ டெலினேவிலோ முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் மீன் பிடிக்கலாமா?

டெலினே மக்கள் பிடிக்கிறார்கள். பனிக்கட்டியில் துளையிட்டு, அடியில் ஒரு நீண்ட பலகையை விடுவார்கள். கயிற்றை இழுக்க இழுக்க அது பனிக்கட்டியின் அடிப்புறத்தில் தத்தித் தத்தி முன்னேறும். தொலைவில் இன்னொரு துளையிட்டு அதைப் பிடித்து, கயிற்றோடு வலையைக் கட்டி இழுத்தால் உறைந்த ஏரிக்குக் கீழே வலை விரிந்துவிடும். உணவுக்கான மீன்பிடிப்பு இது. வெளியூர்க்காரர் தூண்டிலோடு போக நினைத்தால் ஏப்ரல் ஏற்றது: பகல் நீளம், பனிக்கட்டி இன்னும் உறுதி. உள்ளூர்க்காரர் துணையில்லாமல் பனிக்கட்டியில் கால் வைக்க வேண்டாம். நீரோட்டம் உள்ள இடங்களில் அதன் தடிமன் ஏமாற்றும்.

கொசுறாக ஒரு செய்தி. 1825இல் ஆங்கிலேய ஆய்வுப் பயணி ஜான் ஃபிராங்க்ளினின் குழு இன்றைய டெலினே இருக்கும் இடத்தில் குளிர்காலம் கழித்தது. ஆட்கள் பனிக்கட்டியின் மீது ஹாக்கி விளையாடியதாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஹாக்கியின் பிறப்பிடம் தங்கள் ஊரே என்று டெலினேவில் பெருமையாகச் சொல்வார்கள். மறுத்துப் பேசி வம்பை வாங்காதீர்கள்.

அங்கே யுரேனியம் சுரங்கம் இருந்ததாமே?

இருந்தது. 1930இல் ஏரியின் கிழக்குக் கரையில் கனிமம் தேடி அலைந்த கில்பர்ட் லபைன் கதிரியக்கத் தாதுவைக் கண்டார். அங்கே போர்ட் ரேடியம் என்ற சுரங்கக் குடியிருப்பு உருவானது. முதலில் ரேடியத்துக்காக, பின்பு இரண்டாம் உலகப் போரில் யுரேனியத்துக்காகத் தோண்டினார்கள். இங்கிருந்து போன தாது அணுகுண்டு செய்த அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்துக்குப் பயன்பட்டது. தாது நிறைந்த சாக்குகளைத் தோளில் சுமந்து படகேற்றியவர்களில் டெனே ஆண்களும் இருந்தார்கள். அது என்ன, என்ன செய்யும் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பின்னாளில் புற்றுநோயால் இறந்தவர்களைப் பற்றிய கேள்வி ஊரை இன்னும் விடவில்லை. 1998இல் டெலினேவிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குப் போய், தங்கள் நிலத்திலிருந்து சென்ற பொருளுக்காக அங்குள்ளவர்களிடம் வருத்தம் தெரிவித்தது. தெரியாமல் சுமந்தவர்கள் போனார்கள்.

யுரேனியச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. பின்பு வெள்ளி எடுத்தார்கள், அதுவும் 1982இல் நின்றது. 2007இல் அரசு அந்த இடத்தைச் சீரமைத்தது. அந்தப் பக்கம் படகில் போனால் பழைய சுரங்க நிலத்தில் இறங்கி ‘நினைவுக்கு ஒரு கல்’ பொறுக்க வேண்டாம்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

வைத்திருப்பு வரம்புக்குள், அதாவது ஒருவர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கைக்குள் என்றால் கொண்டுவரலாம். துண்டு போட்டாலும் தோலை ஒட்டியபடியே விடுங்கள். என்ன மீன், எத்தனை மீன் என்று அதிகாரி பார்த்ததும் தெரிய வேண்டும். விடுதியில் உறையவைத்துக் கட்டிக் கொடுப்பார்கள், ஆனால் விமானத்தில் அதுவும் எடைக் கணக்கில் சேரும். யெல்லோநைஃபில் இரவு தங்கினால் விடுதி அறையில் உறைபெட்டி உண்டா என்று முன்பே கேட்டு வையுங்கள். உண்ணத் தகுந்த மீனைப் பாழாக்குவது கனடாவில் குற்றம். உருகி நாறிப்போன பெட்டியை நகரத்துக் குப்பைத்தொட்டியில் போட்டாலும் அது பாழாக்கியதுதான்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதானால் அந்தந்த நாட்டுச் சுங்க விதி வேறு. அதைவிட, ஒன்றைக் கரையிலேயே பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுவது எளிது.